சார்பு மரம்: மென்பொருள் தன் முதல்நூல்களைச் சொல்லக் கற்ற வரலாறு

தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தது. நன்னூல் அவற்றோடு சார்புநூலையும் சேர்த்து மூன்றாகச் சொல்கிறது. பிற நூல்களின் பொருளைத் தாங்கிக்கொண்டு, தேவையான இடத்தில் வேறுபட்டும் நிற்பது சார்புநூல். தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இந்த வகைதான். நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லை விளக்குவதற்குள் பத்து நூல்களைத் தொட்டுவிடுவர். பல வேளைகளில் தொட்ட நூலின் பெயரைச் சொல்லவும் மாட்டார்கள். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு நச்சினார்க்கினியர் உரையில் நேர்ந்த பெரும் இடர்ப்பாடு இதுவே. எந்த மேற்கோள் எந்த நூலினது என்று ஏட்டுக்கு ஏடு தேடி அடையாளம் காண்பதே அவருடைய உழைப்பில் பாதியாக இருந்தது.

அந்தத் தேடலின் மறுபக்கத்தையும் நாம் அறிவோம். மேற்கோள் காட்டிய நூல் எஞ்சியிருக்கும்; காட்டப்பட்ட நூல் மறைந்திருக்கும். குண்டலகேசியும் வளையாபதியும் இன்று நமக்குச் சில பாடல்களாக மட்டும் கிடைப்பது பிறர் எடுத்தாண்டதால்தான். மயிலை சீனி.வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு தனி நூலே எழுத நேர்ந்தது. உரைகளின் ஓரங்களில் சிதறிக் கிடந்த பெயர்களைத் திரட்டி, எவையெல்லாம் ஒருகாலத்தில் இருந்தன என்று காட்டிய பட்டியல் அது.

இலக்கியத்தில் ஒரு மனிதரின் வாழ்நாளைக் கோரிய இந்த வேலையை, மென்பொருள் உலகில் ஒற்றை வரிக் கட்டளை செய்கிறது. ஒரு மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த ஆக்கங்களின் மீது நிற்கிறது, அவை எவற்றின் மீது நிற்கின்றன என்று மரம் போல விரித்துக் காட்டும் சிறு கருவிகள் உண்டு. அக்கருவிகளின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினி வல்லுநருக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. இக்கட்டுரை உங்கள் திரையில் தமிழ் எழுத்தாகத் தெரிவதும் அத்தகைய ஒரு மரத்தின் தயவால்தான்.

இரும்பு அலமாரியில் ஒரு நூலகம்

நிரல் எழுதுவோர் 'லைப்ரரி' என்று சொல்வதைத் தமிழில் நிரலகம் என்கிறோம். பலருக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒருவர் எழுதி வைக்க, மற்றவர்கள் எடுத்தாளும் நிரல்தொகுப்பு அது. தொடக்கத்தில் இது உவமையாகக்கூட இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கான துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களில் இருந்தன. அவற்றை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தனர். வேண்டுபவர் உரிய நாடாவை எடுத்துத் தம் நிரல்நாடாவில் படியெடுத்துக்கொள்வார். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகுக்குச் சொன்னது.

படியெடுக்கும் காலத்தில் சார்பு என்பது பெரிய சிக்கலாக இல்லை. ஏடு பார்த்து ஏடு எழுதியவனிடம் முழு ஏடும் இருப்பது போலத்தான். ஆனால் படியெடுப்பில் ஒரு குறை உண்டு: மூலத்தைத் திருத்தினால் படிகள் திருந்துவதில்லை. எது எதிலிருந்து பிறந்தது என்ற கணக்கை மனிதர் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அக்கணக்கை எழுத்தில் கொண்டுவந்தவர் பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அங்கே அவருடன் பணிபுரிந்த ஸ்டீவ் ஜான்சன், சரியாகத் திருத்தப்பட்ட ஒரு நிரலில் பிழை தேடியே ஒரு காலைப்பொழுதை இழந்தார். திருத்தியது மூலக்கோப்பில்; இயங்கியதோ பழைய படி. அதைக் கேட்ட ஃபெல்ட்மன் 1976இல் 'மேக்' என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு எந்தக் கோப்பைச் சார்ந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால், எதை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதை அது தானே முடிவுசெய்யும். சார்பு என்பது தனியே எழுதி வைக்கத்தக்க ஒரு செய்தி என்னும் எண்ணம் இக்கருவியால் பரவியது.

அடுத்த திருப்பம் 1980களின் பிற்பகுதியில் வந்தது. நினைவகம் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலம். ஒரே நிரலகத்தை நூறு மென்பொருள்கள் நூறு முறை படியெடுப்பது வீண் என்று கருதி, ஒரே ஒரு படியை வைத்துக்கொண்டு எல்லாரும் இயங்கும்போது அதை அழைக்கும் 'பகிர்வு நிரலக' முறையைச் சன் நிறுவனத்தின் யுனிக்ஸ் போன்ற இயங்குதளங்கள் கொண்டுவந்தன. இடம் மிச்சமாயிற்று, மூலத்தைத் திருத்தினால் எல்லாரும் திருந்தினர். அதற்கு ஈடாக, மென்பொருள் தன்னளவில் முழுமையானதாக இருந்த நிலை முடிந்துபோனது. தான் நம்பிய நிரலகம் இடத்தில் இல்லாவிட்டால் அது எழுந்திருக்கவே மறுக்கும்.

எனவே கேள்வி கேட்க ஒரு கருவி தேவைப்பட்டது. 'எல்டிடி' என்னும் மூன்றெழுத்துக் கட்டளை அவ்வாறு பிறந்தது. கட்டளையையும் மென்பொருளின் பெயரையும் தட்டச்சிட்டால், இயங்குவதற்கு எந்தெந்த நிரலகங்கள் வேண்டும், அவை கணினியில் எங்கே உள்ளன என்று வரிக்கு ஒன்றாகச் சொல்லும். இல்லாததை இல்லையென்றும் சொல்லும். லினக்ஸ் கணினிகளில் இன்றும் அன்றாடம் புழங்கும் கட்டளை இது.

பாயிரம் எழுதிய டெபியன்

கட்டற்ற மென்பொருள் இயக்கம் வளர்ந்தபோது சார்பு புதிய பரிமாணம் எடுத்தது. முன்பு ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் தானே எழுதியது. இப்போதோ ஒருவரையொருவர் கண்டிராத ஆயிரம் பேர் உலகின் பல மூலைகளிலிருந்து எழுதுகின்றனர். அவற்றைத் தொகுத்து ஒரே இயங்குதளமாக்க வேண்டும். இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் அறிவித்த டெபியன் திட்டம் இதற்குக் கண்ட வழி இலக்கணம் படித்தவர்களுக்கு வியப்பளிக்கும்: ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பாயிரம்!

சிறப்புப்பாயிரம் கூற வேண்டியவை எட்டு என்று நன்னூல் வகுக்கிறது. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நூல் வழங்கும் எல்லை, நுதலும் பொருள் ஆகியவற்றோடு, நூல் வந்த வழியும் யாப்பும் அப்பட்டியலில் உண்டு. 'யாப்பு' என்பதற்கு உரையாசிரியர் சிலர் சொல்லும் பொருள் இங்கே கருதத்தக்கது. இந்நூலைக் கற்று முடித்தபின் இந்நூலைக் கற்க வேண்டும் என்னும் இயைபே யாப்பு என்பர். டெபியனில் ஒரு மென்பொருளைக் கட்டித் தரும் மூட்டைக்குப் 'பொதி' என்று பெயர். ஒவ்வொரு பொதியின் உள்ளும் சிறு குறிப்புக் கோப்பு ஒன்று இருக்கும். பொதியின் பெயர், பராமரிப்பவர் பெயர், எவ்வகைக் கணினிக்கு உரியது, என்ன செய்வது, எவையெவை முன்னரே இருக்க வேண்டும் என்பனவற்றை அது கூறும். இன்ன நிரலகம், இன்ன பதிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்ற அளவுக்கு அது துல்லியமானது.

பாயிரம் இருந்தும் தொடக்க ஆண்டுகளில் துன்பம் குறையவில்லை. ஒரு பொதியை நிறுவப் போனால் அது வேறொன்றைக் கேட்கும். அதைத் தேடிக் கொணர்ந்தால் அது இரண்டைக் கேட்கும். அவ்விரண்டும் ஒன்றையொன்று ஒவ்வாதவையாக இருக்கும். 'சார்பு நரகம்' என்ற சொல்லை லினக்ஸ் பயனர்கள் ஆக்கிக்கொண்டது அக்காலத்தில்தான். 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் வந்த 'ஆப்ட்' என்னும் கருவி, பாயிரங்கள் அனைத்தையும் தானே படித்து, தொடர்ச்சங்கிலி முழுவதையும் கணித்து, வேண்டியவற்றை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டது. அதன் துணைக்கட்டளைகளில் இரண்டு நம் கதைக்கு முக்கியமானவை. முதலாவது 'டிபெண்ட்ஸ்': இப்பொதி எவற்றைச் சார்ந்துள்ளது? இரண்டாவது 'ஆர்டிபெண்ட்ஸ்': இப்பொதியைச் சார்ந்திருப்பவை எவை? முதற்கேள்வி உ.வே.சா.வின் கேள்வி. இரண்டாவது கேள்வியை மறைந்த நூல்களைப் பற்றி எழுதியவர்கள் அறிவர்: இந்த நூல் போனால் எவையெல்லாம் பொருள் விளங்காமல் போகும்?

இவ்விரு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை முடிச்சூர்க்காரர்களுக்கு நீண்டு விளக்க வேண்டியதில்லை. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள இப்பகுதி ஏரிகளின் தொடராலானது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் ஒட்டி ஓடுகிறது. அதற்கும் கீழே, திருநீர்மலைப் பக்கம், செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து சேர்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது, முடிச்சூர் நீரில் மூழ்கியது. அன்று எல்லார் வாயிலும் அடிபட்ட பெயர் செம்பரம்பாக்கம். ஆனால் முடிச்சூர் அந்தச் சங்கமத்துக்கு மேலே உள்ள ஊர். இங்கே வந்த நீர் மேற்கேயுள்ள சிறிய, பெயர் அதிகம் வெளியில் தெரியாத ஏரிகளின் நீர். 'யாருடைய நீர் நம்மிடம் வருகிறது' என்பதும் 'நம் நீர் யாரிடம் போகிறது' என்பதும் வெவ்வேறு கேள்விகள். திசை தவறினால் விடையும் தவறும். ஊரின் பெயர் எவ்வாறு வந்திருந்தாலும், நம் செவிக்கு அதில் 'முடிச்சு' என்ற சொல் கேட்கத்தான் செய்கிறது.

குரோம்பேட்டையும் ஒரு கொகரமும்

முடிச்சூரிலிருந்து தாம்பரம் வழியாகச் சென்றால் சிறிது தொலைவில் குரோம்பேட்டை. அங்குள்ள எம்ஐடி வளாகத்தை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியல் படித்த இடம். அவ்வளாகத்தில் இயங்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்திலும் சென்னை சிடாக் நிறுவனத்திலுமாக, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் தொடங்கப்பட்டது. அம்முயற்சியின் பயனாக 2007இல் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. இந்திய மொழிகளில் பயன்படுத்தும் வகையில், அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது அது. அதன் அடித்தளம் டெபியன். நன்னூல் வகைப்பாட்டில் சொன்னால், டெபியனுக்கு அது வழிநூல்.

இதனைக் குறையாகச் சொல்பவர் அன்றும் இருந்தனர்: 'நம்முடையது என்கிறார்கள், எல்லாம் வெளியார் எழுதியதுதானே!' சார்பு மரத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் இக்கேள்வி வேறு வடிவம் பெற்றிருக்கும். 'கொ' என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் அது ககரத்தின் குறியீடாகவும் ஒகர உயிர்க்குறியாகவும் அடுத்தடுத்துச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக, நடுவில் ககரம் நிற்க வேண்டும். இந்தப் பிரித்தலையும் மாற்றியடுக்கலையும் எழுதுசெயலி தானே செய்வதில்லை. 'பாங்கோ' என்னும் நிரலகம் வரியை அமைக்கிறது. 'ஹார்ஃப்பஸ்' எழுத்துகளை உரிய வரிசையில் வடிவமைக்கிறது. 'ஃப்ரீடைப்' வடிவங்களைப் புள்ளிகளாக்குகிறது. 'ஃபாண்ட்கான்ஃபிக்' தகுந்த எழுத்துருவைத் தேடித் தருகிறது. லினக்ஸ் கணினியில் ஓர் எழுதுசெயலியின் மீது எல்டிடி கட்டளையை ஏவினால், வரும் நீண்ட பட்டியலில் இப்பெயர்களைக் காணலாம்.

இவற்றுள் ஹார்ஃப்பஸ் என்பது பாரசீகச் சொல். 'ஹர்ஃப்' எழுத்து, 'பாஸ்' திறந்தது. இதனை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்பத். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் ஆகியவற்றில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு இந்நிரலகம் ஒரு காரணம். கொகரத்தின் கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவதில் ஒரு பாரசீகரின் உழைப்பு இருக்கிறது என்பது நமக்குத் தாழ்வன்று. எனினும் அறியாமலிருப்பது முறையன்று.

தமிழர் எழுதிய நிரலகங்களிலும் இத்தகைய சங்கிலிகள் உண்டு. முத்தையா அண்ணாமலை 2009இல் ஒரு கட்டுரை வழியாக அறிமுகப்படுத்திய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி, தமிழ் எழுத்துகளைப் பிரித்தறிய 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரலகத்தைச் சார்ந்துள்ளது. 2012 முதல் வெளிவந்த 'கணியம்' மின்னிதழ் லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் விளக்கி எழுதி, இத்தகைய முயற்சிகளுக்கு வாசகரை உருவாக்கியது.

பதினொரு வரிகள்

2000களிலும் அதற்குப் பின்னும் ஒவ்வொரு நிரல்மொழியும் தனக்கெனப் பொதுக்களஞ்சியம் ஒன்றை அமைத்துக்கொண்டது. 1995இலேயே பெர்ல் மொழி 'சீபான்' மூலம் வழிகாட்டியிருந்தது. ஜாவாவுக்கு மேவன், ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010இல் என்பிஎம், ரஸ்டுக்குக் கார்கோ எனத் தொடர்ந்தன. ஒவ்வொன்றுடனும் ஒரு சார்புமரக் கட்டளையும் வந்தது, அல்லது பிறரால் எழுதிச் சேர்க்கப்பட்டது. எடுத்தாள்வது மிக எளிதாகிவிட்டதால் மரங்கள் காடாயின. ஒருவர் பத்து நிரலகங்களைக் கேட்டால் பின்னால் நூற்றுக்கணக்கானவை வந்து நிற்கும். அவற்றின் பெயரைக்கூட அவர் அறியமாட்டார்.

2016 மார்ச் 22 அன்று அசர் கொச்சுலு என்னும் நிரலாளர், பெயருரிமை பற்றிய ஒரு பிணக்கினால் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தம் ஆக்கங்கள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் வேலையை மட்டும் செய்வது, பதினொரே வரிகள். அது இல்லாமற்போனதும் உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் பணி அப்படியே நின்றது. களஞ்சியத்தினர் சில மணி நேரத்தில் அதனை மீட்டனர். பெரும்பாலோர் அன்றுதான் முதன்முறையாகத் தம் மரத்தை விரித்துப் பார்த்தனர்.

2021 டிசம்பரில் நேர்ந்தது இன்னும் கடுமையானது. ஜாவா மென்பொருள்களில் நிகழ்வுக் குறிப்புகளை எழுதப் பயன்படும் 'லாக்4ஜே' நிரலகத்தில் பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. திருத்தம் விரைவிலேயே வந்துவிட்டது. ஆனால் 'அந்நிரலகம் நம்மிடம் இருக்கிறதா?' என்ற எளிய கேள்விக்குப் பல நிறுவனங்களிடம் விடை இல்லை. தாங்கள் நேராகச் சேர்த்ததில்லை. ஆனால் சேர்த்தவற்றின் உள்ளே, அதற்கும் உள்ளே அது இருந்தது. மேவனின் சார்புமரக் கட்டளையைப் பலர் இரவு பகலாக இயக்கிக்கொண்டிருந்தனர். இதன் பிறகு, மென்பொருளோடு அதன் உட்பொருள்களின் பட்டியலையும் கேட்கும் வழக்கம் அரசுகளிடம் வலுப்பெற்றது. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பும் 2024 அக்டோபரில் அத்தகைய பட்டியலுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

மரம் சொல்லாதது

இவ்வளவும் கருவியின் வெற்றிகள். அதன் எல்லையைக் காட்டிய நிகழ்ச்சி 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர், தொலைக்கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் மென்பொருள் வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து, விடாமல் காரணம் தேடினார். 'எக்ஸ்இசட்' என்னும் கோப்புச்சுருக்க நிரலகத்தின் புதிய பதிப்பில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு ஒன்றைப் பொருத்தியிருந்தது தெரிய வந்தது. பெரும்பாலான கணினிகளைச் சென்றடையும் முன் அது பிடிபட்டது நல்லூழ்.

எஸ்எஸ்எச் தன் மூலவடிவில் அச்சுருக்க நிரலகத்தைச் சார்ந்ததே அன்று. டெபியன் போன்றோர் தம் வசதிக்காக அதனைச் 'சிஸ்டம்டி' நிரலகத்தோடு இணைத்தனர். சிஸ்டம்டி சுருக்க நிரலகத்தை அழைத்தது. எல்டிடி கட்டளை இரண்டையும் ஒரே பட்டியலில் காட்டும். எது எதனால் வந்தது என்று சொல்லாது. அதை மரமாக விரிக்க 'எல்டிடிட்ரீ' போன்ற வேறு கருவி வேண்டும். அக்கருவியும், இயங்கும் வேளையில் மட்டும் அழைத்துக்கொள்ளப்படும் நிரலகங்களைக் காணாது. இவை தொழில்நுட்பக் குறைகள், நாளை தீரலாம்.

தீராத குறை வேறு. எக்ஸ்இசட் நிரலகத்தைப் பல ஆண்டுகளாகப் பேணிவந்தவர் லாஸ்ஸே காலின் என்னும் ஒருவர்; ஊதியமின்றித் தம் ஓய்வுநேரத்தில் செய்தார். வேலை மெதுவாக நடப்பதாக முன்பின் அறியாத பெயர்களிலிருந்து அவருக்கு மடல்கள் வந்தன. பொறுப்பைப் பிறருக்குக் கொடுக்குமாறு வற்புறுத்தல்கள் எழுந்தன. உதவ வந்தவராகத் தோன்றி ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற 'ஜியா டான்' என்னும் பெயர்தான் கள்ளக்கதவைப் பொருத்தியது. அப்பெயருக்குரியவர் யார் என்று இன்றளவும் வெளிப்படவில்லை. அத்தனை ஆண்டுகளும் சார்பு மரத்தில் எக்ஸ்இசட் ஒரு வரியாக ஒழுங்காகவே இருந்தது. அவ்வரிக்குப் பின்னால் ஒரே ஒரு மனிதர் நிற்கிறார், அவர் களைத்திருக்கிறார் என்பதை எந்தக் கட்டளையும் சொல்லவில்லை.

டெபியனின் குறிப்புக் கோப்பில் பராமரிப்பவர் பெயர் இருக்கிறது. கருவிகள் மரத்தை விரிக்கும்போது அதை விட்டுவிடுகின்றன. பொதிகள் தெரிகின்றன, பதிப்பெண்கள் தெரிகின்றன, ஆட்கள் தெரிவதில்லை. பாயிரத்தின் எட்டு உறுப்புகளில் வழியைவிட முன்னதாக ஆக்கியோனைச் சொன்ன மரபு நம்முடையது. மேற்கோள் காட்டிய நூலாசிரியரின் பெயரை விழுங்கிவிட்ட உரைகளும் அதே மரபில்தான் உள்ளன. அதனால் இழந்தவற்றின் பட்டியலும் நம் கையில் இருக்கிறது.

கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் தமிழ் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தம் மரத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் விரித்துப் பார்ப்பது நல்லது. பார்த்தபின், ஒவ்வொரு கிளையிலும் நின்று இதை எழுதுபவர் யார், எத்தனை பேர், அவர்களுக்கு நம்மால் ஆவது என்ன என்று கேட்பது அதனினும் நல்லது. ஒரு பிழையறிக்கை, ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு மாணவரின் கோடை விடுமுறை, சிறு நன்கொடை என்று ஆகக்கூடியவை பல. கொகரத்தின் கொம்பு நாளையும் முன்னால் நிற்க வேண்டுமானால், அதை நிறுத்துபவர் நாளையும் இருக்க வேண்டும்.